மாடு அவிழ்த்த நேரம்

போன வருடம் மாசி மாதம், அரிவு வெட்டு நடந்துகொண்டிருந்த கிழமை, அப்பாவின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு "ஐயாவின்ர ரத்தம் சுத்தம், பயப்பிடத் தேவையில்லை" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மணித்தியாலம் கழித்து அதே அப்பா மாரடைப்போடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். இரண்டு இடத்திலும் தேடியது ஒரே பொருளைத்தான், இதயத் தசை சாகும்போது ரத்தத்தில் கசிகிற ட்ரோபோனின். இரண்டு முடிவுமே சரியான முடிவுகள். பின்னேரம் வந்த முடிவை நம்ப எனக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. காலமை வந்த முடிவும் சரிதான் என்பதை விளங்கிக்கொள்ளப் பல மாதம் பிடித்தது. அந்தப் பல மாதமும் நான் ஆட்களைக் கோபித்துக்கொண்டே திரிந்தேன். அந்தக் கோபம் எல்லாம் இன்னும் போகவில்லை. ஆனால் அது இப்போது வேறு இடத்தில் நிற்கிறது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

நான் வவுனியாவில் படிப்பிக்கிறேன். வயல் கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணி பாய்கிற நிலம். வெட்டு மெஷின் பிடித்திருந்ததால் சனி ஞாயிறுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை விடிய அப்பா வழக்கம் போல எழும்பிப் பட்டிக்குப் போனார். ஏழு மணிக்குப் பிறகுதான் முற்றத்தில் வந்து குந்தினார். வந்தவர் கதைக்கவில்லை. அம்மா தேத்தண்ணி கொடுத்தா, வேண்டாம் என்றார். அதுதான் எங்களுக்கு முதல் பயம். அப்பா தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "நெஞ்சுக்குள்ள ஒரு பாரம், எரியிற மாதிரியும் கிடக்கு" என்றார். முதல் நாள் பின்னேரம் நெல்மூட்டை ஏற்றினவர், அதுவாக இருக்கும் என்றும் அவரே சொன்னார். அம்மா ஓமத் தண்ணி அவித்துக் கொடுத்தா. கொஞ்சம் சுகம் என்றார். இருந்தாலும் பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். சனிக்கிழமை, அரச ஆஸ்பத்திரியில் சனம் நிறைந்திருக்கும், நேரம் மினக்கெடும் என்று நினைத்து ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். முடிவு செய்தது நான்.

ஒரு கோடு

ஈசிஜி எடுத்தார்கள். பெரிய மாற்றம் இல்லை என்றார்கள். பிறகு கையில் ரத்தம் எடுத்து, விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றில் சொட்டு விட்டார்கள். கால் மணித்தியாலம் கழித்து அதை எனக்கும் காட்டினார்கள். சீ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு. டீ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வெறுமை. "ரெண்டு கோடு வந்தாத்தான் ஹார்ட் அட்டாக். இது வாய்வு" என்று விளக்கம் சொல்லி, வயிற்றெரிவுக்குக் குளிசை தந்தார்கள். எத்தனை மணிக்கு நோ தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. ஒன்பது மணிக்கு வீட்டில் நின்றோம். அம்மா முறிகண்டிப் பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா. நான் வயலுக்குப் போய் மெஷின்காரரோடு நின்றேன்.

அந்த ஒற்றைக் கோட்டின் மேல் எங்களுக்கு இருந்த நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வன்னியில் நாங்கள் வளர்ந்த காலத்தில் வருத்தக்காரரிடம் இருந்து ரத்தம் எடுப்பதே பெரிய காரியம். மலேரியாவுக்கு விரலில் குத்திக் கண்ணாடியில் தடவிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். 2008 கடைசியில் இடம்பெயர்ந்து போன இடத்தில், தறப்பாள் கொட்டிலுக்குள் அம்மப்பா செத்துப்போனார். "நெஞ்சடைப்பு" என்று எல்லோரும் சொன்னார்கள். அது என்ன வருத்தம் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. எந்த ஊசியும் எந்தக் கருவியும் அவரைத் தொடவில்லை. அப்படி இருந்த எங்களுக்கு, ரத்தத்தை ஒரு பட்டையில் விட்டுக் கால் மணித்தியாலத்தில் இதயம் நல்லம் என்று சொல்லும் வசதி வந்தபோது, அதைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. கடவுள் வாக்கு மாதிரி வாங்கிக்கொண்டு வந்தோம்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. "மார்கழியிலதானே ரத்தம் சோதிச்சவர், எல்லாம் நல்லம் எண்டவை" என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தா. அது கொலஸ்ட்ரோலும் சீனியும் பார்த்த சோதனை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சோதனையையும் காலமை பட்டையில் செய்த சோதனையையும் ஒன்றாகத்தான் எடுக்கிறார்கள். கொலஸ்ட்ரோல் கூடினால் வரும் வருடங்களில் ரத்தக்குழாய் அடைபடும் ஆபத்து கூடும். அது வானம் பார்த்து மழை சொல்கிற வேலை. கொலஸ்ட்ரோல் நல்ல அளவில் இருக்கிற ஆளுக்கும், குறிப்பாகப் புகைபிடிக்கிற, பிரஷர் இருக்கிற ஆளுக்கு, மாரடைப்பு வரலாம். அப்பா சுருட்டுக்காரர். காலமை பட்டையில் தேடிய பொருள் முற்றிலும் வேறு. அது இப்போது, இந்த மணித்தியாலத்தில், இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்கிற சோதனை.

அந்தப் பொருள்தான் ட்ரோபோனின். 1960களில் ஜப்பானில் எபாஷி செட்சுரோ என்ற ஆய்வாளர், தசை எப்படிச் சுருங்கி விரிகிறது என்று தேடிப் போன வழியில் கண்டெடுத்த புரதம். நெஞ்சு நோவுக்கும் அவர் வேலைக்கும் அப்போது தொடர்பே இல்லை. ட்ரோபோனினில் டீ, ஐ, சீ என்று மூன்று பங்காளிகள், பட்டையில் இருந்த சீயும் டீயும் வேறு. இவற்றில் டீக்கும் ஐக்கும் இதயத்துக்கென்றே தனி உருவம் உண்டு, கை கால் தசையில் இருப்பது வேறு. அதனால் அந்த இதய உருவம் ரத்தத்தில் கூடினால் அடிபட்டது இதயத் தசைதான். 1980களின் கடைசியில் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் ஹூகோ காட்டுஸும் அவரோடு நின்றவர்களும் இதை ரத்தத்தில் அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

அதற்கு முந்தின சோதனைகளை நினைத்தால் எங்கள் ஆட்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். 1954இல் அமெரிக்காவில், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்ற நொதி கூடுகிறது என்று கண்டார்கள். இதயத்துக்காக வந்த முதல் ரத்தக் குறிகாட்டி அதுதான். இன்றைக்கு அதே எஸ்ஜிஓடியை ஈரல் சோதனை ரிப்போர்ட்டில்தான் பார்க்கிறோம், ஏனென்றால் ஈரல் கெட்டாலும் அது கூடும். பிறகு சீகே என்ற இன்னொரு நொதி வந்தது. அது எந்தத் தசை அடிபட்டாலும் கூடும். முதல் நாள் நெல்மூட்டை தூக்கினவனுக்குக் கூடும், பிட்டத்தில் ஊசி போட்டாலும் கூடும். அதில் இதயத்துக்கு நெருங்கின பங்கைப் பிரித்து சீகே-எம்பி என்று பார்த்தார்கள், அதிலும் முழுத் தெளிவு இல்லை. உடம்பால் உழைக்கிற ஒரு ஊருக்கு அந்தச் சோதனைகள் எத்தனை தரம் பொய்ப் பயம் காட்டியிருக்கும். 2000ஆம் ஆண்டு ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் கூடி மாரடைப்பு என்றால் என்ன என்பதையே ட்ரோபோனினை நடுவில் வைத்து மாற்றி எழுதினதில் நியாயம் இருக்கிறது. நல்ல சோதனைதான் அது. அப்பாவின் காலமைக் கதைக்குப் பிறகும் இதைச் சொல்கிறேன்.

கண் தெரியாத இருட்டு

மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை. இரண்டு மணி போல மறுபடி நோ வந்தது. இந்த முறை இடது கை வரை. உடம்பெல்லாம் வியர்த்துச் சேட்டு நனைந்துவிட்டது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018இல். அதற்கு முன்னம் என்றால் மறுபடியும் அந்த ஓட்டோதான். ஆஸ்பத்திரியில் ஏற்றின உடனே ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒரு வகை மாற்றம் தெரிந்தால், குழாய் முழுதாக அடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ரத்தச் சோதனைக்குக் காத்திராமல் கட்டி கரைக்கிற மருந்தை ஏற்றுவார்களாம். அப்பாவின் ஈசிஜியில் அந்த மாற்றம் இல்லை. ஆகவே ரத்தம் பேச வேண்டியிருந்தது.

டொக்டர் ஒரு சிங்கள இளைஞர். நிதானமாகத் தமிழ் கதைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, முதல் கேள்வியாக, "எத்தனை மணிக்கு ஐயா நோ வந்தது?" என்றார்.

"காலமை" என்றார் அப்பா.

"காலையில் எத்தனை மணி?"

"மாடு அவிழ்க்கேக்க."

டொக்டருக்கு விளங்கவில்லை. நான் வாய் திறந்து "ஒரு ஏழு மணி இருக்கும்" என்று சொல்லப் போனேன். ஏனென்றால் அப்பாவை முற்றத்தில் நான் கண்டது ஏழு மணிக்கு. அதற்கிடையில் பக்கத்தில் நின்ற நேர்ஸ், மிஸி என்போம், அப்பாவுக்குக் கிட்டக் குனிந்தா. அவ மல்லாவிப் பக்கம் என்று பிறகு கேட்டு அறிந்தேன்.

"ஐயா, மாடு அவிழ்க்கேக்க வெளிச்சம் வந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை. கண் தெரியாத இருட்டு. பனியும்."

"முதல் பஸ் போயிட்டுதோ?"

அப்பா யோசித்தார். முகமூடிக்குள் மூச்சு இழுத்துக்கொண்டு யோசித்தார். "கண்டுக்குட்டிய அவிழ்த்துக்கொண்டு நிக்கேக்கதான் ஹோன் கேட்டது. அப்பத்தான் குந்தினனான்."

மிஸி என்னைப் பார்த்தா. "முதல் பஸ் எத்தினைக்கு உங்கட பக்கம்?" ஐந்து நாற்பது என்றேன். அவ டொக்டரிடம் திரும்பி, "ஐந்து நாற்பது டொக்டர்" என்றா. அவர் அதைத் தாளின் மேல் எழுதி வட்டம் போட்டார். பிறகு காலமை ரத்தம் எடுத்தது எத்தனைக்கு என்று என்னிடம் கேட்டார். பற்றுச்சீட்டில் ஏழு நாற்பது என்று அடித்திருந்தது. அதையும் எழுதினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, மேலே "2" என்று எழுதினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் நின்றது. இதயத் தசை சாகத் தொடங்கினாலும் ட்ரோபோனின் உடனே ரத்தத்துக்கு வந்துவிடாது. அது தசை நாருக்குள் கட்டுண்டு கிடக்கிற பொருள். நார் சிதைந்து, கசிந்து, ரத்தத்தில் கலந்து, ஒரு பட்டை பிடிக்கிற அளவுக்குச் சேர மூன்று நான்கு மணித்தியாலமாவது வேண்டும், ஆறு மணித்தியாலமும் எடுக்கலாம். பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு ஒரு கிழமைக்கு மேல் இறங்காமல் நிற்கும். அப்பாவின் ரத்தத்தை எடுத்தது இரண்டாவது மணித்தியாலத்தில். பட்டையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் மட்டும் கோடு காட்டுகிற ஒன்று. அது இல்லை என்று சொன்னது. அந்த நேரத்துக்கு அது உண்மை. அந்த உண்மையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே இருந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு எடுத்த ரத்தத்தில் லீட்டருக்கு 312 நானோகிராம். ஆறு மணிக்கு எடுத்ததில் 866. மேலே போகிற கோடு. மாரடைப்புத்தான் என்றார் டொக்டர். தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள், அஸ்பிரினும் வேறு குளிசைகளும் கொடுத்தார்கள், பிறகு யாழ்ப்பாணத்துக்கு மாற்றி அஞ்சியோகிராம் செய்து ஒரு குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தப் பகுதி நல்லபடி போனது. அதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை.

நான் பதினொராம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். ஒரு நேர்கோட்டின் படித்திறன் கண்டுபிடிக்க இரண்டு புள்ளி வேண்டும், ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியாது என்று வருடா வருடம் பலகையில் எழுதுகிறேன். மாரடைப்புக்கு இன்றைக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணமும் அதையேதான் கேட்கிறது. ட்ரோபோனின் ஒரு எல்லைக்கு மேல் இருக்க வேண்டும், அதோடு ஏறுவதோ இறங்குவதோ தெரிய வேண்டும், அதோடு நோவோ ஈசிஜி மாற்றமோ வேறு சான்றோ இருக்க வேண்டும். சுகமாக இருக்கிற நூறு பேரில் 99 பேருக்கு எந்த அளவுக்குள் இருக்குமோ அதுதான் எல்லை. புதிய, நுண்ணிய ட்ரோபோனின் டீ சோதனையில் அது லீட்டருக்கு 14 நானோகிராம். அந்த நுண்ணிய சோதனை இருக்கிற இடங்களில் இரண்டாவது ரத்தத்தை ஒரு மணித்தியாலத்திலோ இரண்டு மூன்று மணித்தியாலத்திலோ எடுத்து முடிவு சொல்லலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டல்கள் சொல்கின்றன. பழைய பட்டை என்றால் இன்னும் கூட நேரம். எதுவானாலும் இரண்டாவது புள்ளி இல்லாமல் வேலை நடக்காது. அன்று காலமை அந்தப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மாமியின் நாற்பது

இதற்கு மறுபக்கமும் எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. அதனால்தான் இந்த விஷயம் மனதில் அடங்காமல் கிடந்தது.

மாமி வவுனியாவுக்கு அங்கால். சிறுநீரக வருத்தக்காரி. 1990களில் அநுராதபுரப் பக்கம் தெரியவந்த, காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத அந்த வருத்தம் வவுனியாவையும் விடவில்லை. எங்கள் பக்கத்தில் வடிகட்டின தண்ணிக்குக் கானோடு வரிசையில் நிற்காத வீடு குறைவு. அப்பாவின் கதை நடந்து நாலு மாதத்தில் மாமிக்கு மூச்சு வாங்கி, நெஞ்சும் இறுக்கினதென்று கொண்டுபோனார்கள். ட்ரோபோனின் 41. எல்லை 14 என்று தெரிந்த பிறகு 41 என்ற எண்ணைக் கண்டால் என்ன செய்யும்? வீடு அழத் தொடங்கிவிட்டது. கனடாவில் இருக்கிற மச்சான் இரவிரவாக வாட்ஸ்அப்பில் நின்றான். இன்னும் கொடுமை, இரண்டு மாதத்துக்கு முதல் வேறொரு ஆய்வுகூடத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் 0.039 என்று இருந்தது. "0.039 இருந்தது 41 ஆகிப்போச்சு, ஆயிரம் மடங்கு" என்று மச்சான் கத்தினான்.

நான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மில்லிலீட்டருக்கு நானோகிராம், மற்றதில் லீட்டருக்கு நானோகிராம். 0.039 என்பதும் 39 என்பதும் ஒன்றுதான். இது எட்டாம் தரத்துக் கணக்கு. ஆனால் பயத்தில் இருக்கிற குடும்பம் அலகைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். இதே போல ட்ரோபோனின் டீயின் எண்ணையும் ட்ரோபோனின் ஐயின் எண்ணையும் ஒப்பிடவும் கூடாது. ஒரே ஐ என்றாலும் இரண்டு கம்பனியின் கருவிகள் இரண்டு வேறு எண் காட்டும். மாமியின் இரண்டு தாளும் நல்ல காலமாக ஒரே வகைச் சோதனை.

மூன்று மணித்தியாலம் கழித்து எடுத்ததில் 43. ஏற்கனவே உயர்ந்திருக்கிற ஆளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் மாற்றம் தெரிந்தால்தான் புதிதாக ஏதோ நடக்கிறது என்று எடுப்பார்களாம். 41இலிருந்து 43க்கு ஐந்து சதவீதம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ட்ரோபோனின் இப்படி உயர்ந்து, மேசை மாதிரித் தட்டையாக நிற்பது வழமை. அதற்காக அது சும்மா விடுகிற எண்ணும் இல்லை. இதயம் மெல்ல மெல்லத் தேய்கிறது என்பதன் அடையாளம் அது. அப்படியானவர்களுக்குப் பின்னால் இதய வருத்தம் வரும் ஆபத்து கூட. ஆனால் அன்று இரவு அவவுக்கு மாரடைப்பு இல்லை. மூச்சு வாங்கினதற்குக் காரணம் உடம்பில் தேங்கின நீர்.

அந்த நீரைப் பற்றியும் ஒரு ரத்தச் சோதனை இருக்கிறது. பிஎன்பி, அல்லது என்டி-புரோபிஎன்பி. இதயத்தின் அறை நிறைந்து இழுபடும்போது இதயமே விடுகிற பொருள். இதயம் வெறும் பம்பு இல்லை, அது சுரக்கவும் செய்கிறது என்று 1981இல் கனடாவில் டி போல்ட் என்பவர் எலிகளில் காட்டினார். பிஎன்பியை 1988இல் ஜப்பானியர்கள் பன்றியின் மூளையில் கண்டெடுத்ததால் பெயரில் மூளை ஒட்டிக்கொண்டது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஒரு வருடமாக முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, என்று இன்ஹேலர் பம்பு இழுத்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கின பிறகு யாரோ இந்தச் சோதனையை எழுதிக் கொடுத்தார்கள். திடீர் மூச்சுத் திணறலோடு வருகிறவருக்கு என்டி-புரோபிஎன்பி மில்லிலீட்டருக்கு 300 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. அவருக்கு நாலாயிரத்துக்கு மேல். வயது கூடினாலும், சிறுநீரகம் கெட்டாலும் இதுவும் ஏறும், உடம்பு பருத்தவருக்கு இறங்கிக் காட்டும். ஆகவே இதையும் தனியாக வாசிக்க முடியாது, இதயத்தை ஸ்கேன் பண்ணுகிற எக்கோ கார்டியோகிராமும் செய்தார்கள். விலை கூடின சோதனை, மகள் காசு அனுப்பினா. சுவாசக் குழாய்க்கு ஒரு வருடம் மருந்து எடுத்த இதயம்.

காத்திருக்க முடியாதவர்கள்

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு, காலமை போன இடத்தில் "ஆறு மணித்தியாலம் இருந்து மறுபடி ரத்தம் குடுங்கோ" என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பீர்களா என்று ஒரு நாள் கேட்டேன். இல்லை என்றார். மெஷின் மணித்தியாலக் கணக்கு, மூட்டை வெளியில் கிடந்தது, மழை இருட்டிக்கொண்டு நின்றது. "நீயே வா போவம் எண்டு நிண்டனி" என்றார். அது உண்மை.

எங்கள் பக்கத்தில் இரண்டாவது ரத்தம் என்பது கடைசி பஸ் போய்விடும் என்பதாகும். துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து உள்ளூர்களில் இருந்து வந்தவருக்கு ஓட்டோவுக்கு இன்னொரு நாள் கூலி போகும் என்பதாகும். கட்டிலில் இருந்து பார்க்க ஒரு ஆள் வேலை விட்டு நிற்க வேண்டும். நோ குறைந்துவிட்ட ஆளை, அதுவும் உழைக்கிற ஆளை, ஒன்றும் செய்யாமல் ஆறு மணித்தியாலம் இருத்துவது எளிய காரியம் இல்லை. ஆகவே முதல் கோடு சுத்தம் என்றதும் எழும்பி வருவோம். அனுப்புகிறவருக்கும் அது வசதி. அந்தச் சிகிச்சை நிலையத்தின் மேல் எனக்கு இன்னும் மனவருத்தம் உண்டு. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அப்பாவாலோ என்னாலோ அன்று முடிந்திருக்குமா என்று யோசிக்கிறேன். நான் ஏழு மணி என்று சொல்லியிருப்பேன்.

2008இல் நெதர்லாந்தில் சில மருத்துவர்கள் நெஞ்சு நோவோடு வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு முறை கொண்டுவந்தார்கள். ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு புள்ளி. நோவின் கதை, ஈசிஜி, வயது, சுருட்டு சீனி பிரஷர் மாதிரியான ஆபத்துகள், ட்ரோபோனின். பத்துக்கு இரண்டுதான் ரத்தத்துக்கு. அப்பா சொல்கிற கதைக்கும் அதே இரண்டு. இதை வாசித்தபோது அந்த மிஸியை நினைத்தேன். நோ எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, குந்தினதும் குறைந்ததா என்பதை அவ ஒரு பஸ் ஹோனில் இருந்து இழுத்து எடுத்தா. எந்தக் கருவியும் அதைச் செய்யாது. வேறு ஊரில் இருந்து வந்த டொக்டர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் "மாடு அவிழ்க்கேக்க" என்பது மணிக்கூட்டில் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிய நியாயம் இல்லை. எங்கள் ஆட்களிடம் நேரம் இல்லாமல் இல்லை. வாய்க்காலில் முறைத்தண்ணி திறந்த நேரம், கோயில் மணி, பள்ளிக்கூடம் விட்ட நேரம், கோழி கூவ முன்னம். அம்மப்பா செத்தது கோழி கூவ முன்னம் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. அதை மணிக்கூட்டுக்கு மாற்றிச் சொல்ல ஒருவர் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். அது மிஸியாக இருக்கலாம், கூடப் போன மகனாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனி வருத்தக்காரருக்கும் வயது போனவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு நோவே இல்லாமல் களைப்பு, வியர்வை, மூச்சு, வயிற்றுப் பிரட்டல் என்று வரலாம். அவர்களுக்குத் தொடங்கின நேரத்தைப் பிடிப்பது இன்னும் கடினம். அதோடு, இரண்டு முறை எடுத்தும் ட்ரோபோனின் ஏறாமல் இருக்க, குழாய் பாதி அடைபட்டு, தசை இன்னும் சாகாமல் இருக்கிற நிலையும் உண்டு. இரண்டாவது ரத்தமும் சுத்தம் என்றாலும் நடந்தால் நோகிற நெஞ்சை விட்டுவிடக் கூடாது.

போன கிழமை அப்பாவோடு போனில் கதைத்தேன். பக்கத்து வளவுப் பொடியன், நாற்பத்தொரு வயது, விடியப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறான். அம்மா ஓமப் போத்தலை எடுக்கப் போக, அப்பா "அது பிறகு" என்று மறித்துவிட்டு, "எத்தினை மணிக்கடா தொடங்கினது?" என்று கேட்டிருக்கிறார். அவனுக்குத் தெரியவில்லை. எதுக்கு எழும்பினாய், நாய் குலைத்ததா, கரண்ட் நின்றதா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பால்காரனின் மோட்டார் சைக்கிள் போன நேரத்தில் வந்து நின்றார்கள். அம்புலன்ஸ் வருவதற்குள் பேனை எடுத்து அவனுடைய உள்ளங்கையில் 4.50 என்று எழுதிவிட்டாராம். ஆஸ்பத்திரியில் முதல் ரத்தம் சுத்தம். அவன் எழும்பி வரப் பார்த்தானாம். இவர் போனில் ஏசி இருத்தினாராம். இரண்டாவது ரத்தமும் சுத்தம். ஈசிஜியும் நல்லம். ஓடிப் பார்க்கிற சோதனைக்கு நாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் வந்து கையைக் காட்டினானாம், அந்த 4.50 இன்னும் அழியாமல் இருந்தது என்றார் அப்பா.